கம்பி நீட்டி நிற்கும் வீடுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டி, வடக்கே தொண்டி போகிற வழியில் இருக்கிறது திருப்பாலைக்குடி. பெயரில் பாலை இருந்தாலும் நிலம் அசல் நெய்தல். போன வருடம் அந்த ஊரில் நண்பன் ஒருவனின் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மாடியின் நாலு மூலையிலும் தூண்கம்பிகள் இடுப்புயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருந்தார்கள். உப்புக்காற்று அதையெல்லாம் பார்க்கிறதா என்ன? தொட்டால் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

நண்பனின் அத்தா ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினார். "இது மூத்தவனுக்குன்னு நெனச்சு விட்டது தம்பி. அவனுக்கு நிக்காஹ் ஆகி ரெண்டு பிள்ளையும் ஆச்சு. கம்பிதான் கரையுது, ரூம்பு வரல."

"ஏன் மாமா?"

"கடலுக்குக் கிட்ட இருக்காம். சி.ஆர்.இசட்டாம். எழுதிக் குடுத்தா அங்க போ, இங்க போங்குறாக. யாருகிட்ட கேக்குறதுன்னே தெரியல."

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த சி.ஆர்.இசட்டை, அதாவது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை, வரி விடாமல் படித்தேன். 1991, 2011, 2019 மூன்றையும். ஒரு சட்டத்தை வக்கீல் படிப்பது ஒரு விதம், இலக்கிய வாசகர் படிப்பது வேறு விதம். நாம் ஒரு நாவலிடம் என்ன கேட்கிறோம்? யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது? யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் கூட்டத்தில் ஒருவர்? எந்தச் சொல் எதை மறைக்கிறது? இதே கேள்விகளை ஓர் அரசாணையிடமும் கேட்கலாம். நாவல் தோற்றால் நமக்கு ஒரு மாலைநேரம் போகும். இது தோற்றால் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை போகிறது.

*

முதலில் அந்தக் கண்.

இந்த அறிவிக்கைகளின் தொடக்கம் ஒரு கடிதம். 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். உயர் அலை தொடும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டடங்கள் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடற்கரையின் அழகும் சூழலும் கெடுகின்றன என்பது அவர் கவலை. பத்து வருடம் கழித்து, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1991 பிப்ரவரி 19 அன்று அந்தக் கவலை சட்ட வடிவம் பெற்றது. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் 'வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி' ஆனது.

நல்ல கவலைதான். ஆனால் அது கரையில் நின்று கடலைப் பார்க்கிறவரின் கவலை. அவருக்கும் அலைக்கும் நடுவில் எது வந்தாலும் அது மறைப்பு. கடலுக்குள் நின்று கரையைப் பார்க்கிறவருக்கு அப்படி இல்லை. பள்ளிவாசல் மினாரா, கோயில் கோபுரம், ஒற்றைப் பனை, மாடிவீடு எல்லாம் வலை போட்ட இடத்தை நினைவு வைத்துக்கொள்ளவும் திரும்பி வரவும் உதவுகிற அடையாளங்கள். ஒரே கட்டடம் ஒரு கண்ணுக்கு இடைஞ்சல், இன்னொரு கண்ணுக்கு வழிகாட்டி. அறிவிக்கையின் முதல் வடிவத்தில் முதல் கண்தான் இருக்கிறது. இரண்டாவது கண் எங்கோ ஓரத்தில், 'மரபுரிமை', 'வழக்கமான பயன்பாடு' என்ற சொற்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.

'பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீட்டை மாற்றிக் கட்ட அனுமதி' என்று சொன்னால் உலகத்தில் பல இடங்களில் நினைவுக்கு வருவது வேறு காட்சி. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பழைய தெருக்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்க வழிசெய்தது. அங்கே சன்னலை மாற்றக்கூட யோசிக்க வேண்டும், ஏனென்றால் பாதுகாக்கப்படுவதே அந்த வீடும் அதன் முகப்பும்தான். நம் நாட்டில் தொல்லியல் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை போடுகிறது; அடுத்த 200 மீட்டரில் முன்னனுமதி வேண்டும். அங்கேயும் பாதுகாக்கப்படுவது மனிதர் கட்டிய ஒன்றுதான். திருப்பாலைக்குடி மாதிரி ஊரில் நிலைமை தலைகீழ். பாதுகாக்கப்படுவது மணலும் சேறும் கடற்புல்லும். வீடு என்பது அவற்றிடமிருந்து தள்ளிவைக்கப்பட வேண்டிய பொருள். ஊர் சட்டத்துக்கு முந்தியது என்றாலும், பிரதிக்குள் அது விருந்தாளியாகத்தான் நுழைகிறது.

*

அடுத்து, வீடு என்ற சொல்.

அறிவிக்கையில் வீடு இல்லை, 'குடியிருப்பு அலகு' இருக்கிறது. அதற்கு மூன்று அளவைகள்: தளப்பரப்புக் குறியீடு, அடித்தளப் பரப்பு, அடர்த்தி. 200 மீட்டருக்குள், ஏற்கெனவே இருக்கிற, அனுமதி பெற்ற கட்டுமானத்தைப் பழுது பார்க்கலாம், 2011க்குப் பிறகு இடித்தும் கட்டலாம். இந்த மூன்று அளவும் கூடக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இதில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்வோம். ஒன்று, 'அனுமதி பெற்ற'. கடலோரக் குப்பங்களில் வரைபடம் போட்டு, ஊராட்சியில் கொடுத்து, முத்திரை வாங்கிக் கட்டின வீடுகள் எத்தனை இருக்கும்? பாதிப்பேர் நிற்பது நத்தத்திலும் புறம்போக்கிலும். பட்டா இல்லாத மண்ணில் பிளான் அப்ரூவல் எங்கிருந்து வரும்? மூன்று தலைமுறை இருந்த வீடு, பிரதியின் கணக்கில் 'இருக்கிற' வீடு. ஆனால் 'அனுமதி பெற்ற' வீடு இல்லை. ஒரு பெயரடை வந்து பெயர்ச்சொல்லையே விழுங்கிவிடுகிறது.

இன்னொன்று, 'கூடக் கூடாது'. மாடியில் ஓர் அறை எடுத்தால் அடித்தளம் ஓர் அங்குலம்கூட நகராது, ஒரு பிடி மணல்கூட மறையாது. ஆனால் தளப்பரப்புக் குறியீடு ஏறிவிடும். பிரதி கற்பனை செய்கிற வீடு ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட பொருள். நம் ஊர் வீடு முடிவதே இல்லை. மூத்தவனுக்குக் கல்யாணம் என்றால் ஒரு தடுப்பு, இளையவனுக்கு ஒரு சாய்ப்பு, மகள் பிரசவத்துக்கு வந்தால் ஓர் அறை, வெளிநாட்டுக் காசு வந்தால் தளம். கம்பியை நீட்டி விடுவதே 'மிச்சம் பிறகு' என்று சொல்லத்தான். தமிழில் ஒரே சொல் இந்த இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது: குடி. குடி என்றால் குடும்பம், வம்சம். குடி என்றால் அவர்கள் இருக்கும் இடம், ஊர். திருப்பாலைக்குடி, தூத்துக்குடி என்று ஊர்ப்பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. குடி பெருகினால் குடியிருப்பு பெருகும். 'குடியிருப்பு அலகு' என்று மொழிபெயர்த்த மாத்திரத்தில் குடும்பம் கழன்று விழுந்து, சதுர மீட்டர் மட்டும் மிஞ்சுகிறது.

2011 ஜனவரி 6 அன்று வந்த அறிவிக்கை இந்தக் குறையைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. மீனவர்களின் வாழ்வாதாரப் பாதுகாப்பை நோக்கங்களில் ஒன்றாக முன்னாலேயே வைக்கிறது. 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையில் மரபான கடலோரச் சமூகங்கள் வீடு கட்டவோ திருப்பிக் கட்டவோ அனுமதிக்கலாம் என்கிறது. நண்பனின் வீடு கடலிலிருந்து ஒரு நூற்றைம்பது மீட்டர் இருக்கலாம் (நான் நடந்து பார்த்த கணக்கு). அப்போ பிரச்சினை தீர்ந்ததா? அடுத்த வரியைப் படிக்க வேண்டும். அந்தச் சமூகங்களைக் கலந்து மாநில அரசு ஒரு முழுமையான திட்டம் தயாரிக்க வேண்டும். பேரிடர் மேலாண்மையும் சுகாதார வசதியும் அதில் இருக்க வேண்டும். மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம் பரிந்துரைத்து, தேசிய ஆணையத்துக்குப் போய், தில்லியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்ப வேண்டும். உரிமை ஒரு வாக்கியத்தில் வருகிறது, அதே வாக்கியத்தின் பின்பாதியில் போயே போய்விடுகிறது. அத்தா சொன்ன 'அங்க போ, இங்க போ' ஒரு குமாஸ்தாவின் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. அந்த வாக்கியத்தின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது.

*

அதே 2011 அறிவிக்கையில் இன்னொரு பிரிவு. 1991இன்படி அனுமதிக்கத் தக்கதாக இருந்தும் முறையான ஒப்புதல் வாங்காமல் கட்டப்பட்ட மீனவர் வீடுகளை முறைப்படுத்தலாம் என்கிறது. கருணையான பிரிவு. நிபந்தனைகள் இரண்டு: வீட்டில் வணிகம் நடக்கக் கூடாது, மரபான கடலோரச் சமூகத்தைச் சேராதவருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது.

இந்த இடத்தில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' ஞாபகத்துக்கு வராமல் போகாது. 1977இல் வந்த அந்த நாவலின் முடிச்சே, வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகன் செபஸ்தி கேட்பதும், அப்பா குரூஸ் மிக்கேலுக்கு அது முடியாமல் இருப்பதும்தான். வண்ணநிலவன் இருவரில் யாரையும் வில்லனாக்கவில்லை. போக நினைப்பவனுக்கும் ஒரு நியாயம், இருக்க நினைப்பவருக்கும் ஒரு நியாயம். விற்பது ஒரு துயரம், ஆனால் அந்தத் துயரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது. அறிவிக்கை அந்த இடத்தில் தானே முடிவெடுத்துவிடுகிறது.

இதன் காரணம் எனக்குப் புரிகிறது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் மீனவர் பெயரில் முறைப்படுத்தி, அடுத்த மாதம் ரிசார்ட்காரருக்குக் கைமாற்றிவிடுவார்கள். அது நிச்சயம் நடக்கும். ஆனால் 'வணிகம்' என்ற சொல்லை இவ்வளவு மொட்டையாக விடலாமா? திண்ணையில் கருவாடு கட்டி விற்பது வணிகமா? முன்னறையில் பெட்டிக்கடை? வாசலில் நண்டு எடை போடுவது? கடலோர வீட்டில் வேலையும் வாழ்க்கையும் தனித்தனி அறைகளில் இருப்பதில்லை. வலை கிடக்கிற இடத்தில்தான் பிள்ளையும் தூங்குகிறது. விடுதியைத் தடுக்க வார்த்த சொல் இது. கருவாட்டுக் கூடைக்கு அது பொருந்துமா என்று வார்த்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதையும் 2019 ஜனவரி 18 அறிவிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் சுவாரசியம். வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதிக்கு வெளியே, மீனவர் உள்ளிட்ட உள்ளூர்ச் சமூகங்கள் தங்கள் வீட்டில் சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைக்கலாம் என்று அது சொல்கிறது. ஒரே நிபந்தனை, இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்போ வடிவமைப்போ முகப்போ மாறக் கூடாது. முதன்முறையாக முகப்பு என்ற சொல் வந்துவிட்டது! இவ்வளவு காலம் காட்சிக்கு மறைப்பாக இருந்த வீடு, இப்போது காட்சியின் ஒரு பகுதி. மகனுக்கு அறை எழுப்புவது பற்றித் தயங்கித் தயங்கிப் பேசுகிற பிரதி, விருந்தாளிக்கு அறை கொடுப்பது பற்றிப் பேசும்போது சரளமாகிவிடுகிறது.

*

2019 அறிவிக்கையில் எனக்கு மிகவும் உறுத்தியது ஓர் எண்: 2161. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறக் கடற்கரையில் தடைப்பகுதி 50 மீட்டராகச் சுருங்கும். அதற்குக் குறைவு என்றால் பழைய 200 மீட்டரே. நெருக்கமாக வாழ்கிறவர்களுக்குச் சலுகை. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அடர்த்தி என்பது வகுத்தல் கணக்கு. எந்த எல்லையால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ராமநாதபுரம் மாவட்டத்தில் 2011இல் சுமார் 13.5 லட்சம் பேர், பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். சராசரி 330ஐ ஒட்டி வரும். கருவேலங்காடும் கண்மாயும் உவர்நிலமும் நிறைந்த மாவட்டம். கடலோரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும், பின்னால் ஆளில்லாத தரிசு விரிந்து கிடக்கும். வருவாய் கிராமத்தின் மொத்தப் பரப்பால் வகுத்தால் அந்தத் தரிசு வந்து குப்பத்தின் நெருக்கடியைக் கரைத்துவிடும். காகிதத்தில் தாராளமாக வாழ்வார்கள், நிஜத்தில் ஒரே அறையில் ஆறு பேர்.

எண்ணைப் போலத்தான் கோடும். உயர் அலைக் கோடு என்றால், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் தண்ணீர் நிலத்தில் எட்டும் எல்லை. மன்னார் வளைகுடாவின் மணல் திட்டில் அதைக் கண்ணால் காட்டலாம். பாக் விரிகுடாவின் இந்தக் கரை தட்டை, ஆழம் குறைவு, பல இடங்களில் சேறு. கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் கீழேதான். ஆனால் தட்டையான நிலத்தில் செங்குத்தாக ஒரு சாண் ஏறினால் கிடைமட்டமாகத் தண்ணீர் எங்கேயோ போய் நிற்கும். அந்தக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் ஒரு தெருவின் தலையெழுத்து.

வரைபடத்தின் அளவையும் பாருங்கள். பெரிய வரைபடம் 1:25,000 அளவில். அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். பத்து மீட்டர் அகல வீடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை, பேனாக் கோட்டின் தடிமனுக்குள் முழு வீடும் அடங்கிவிடும். அதனால்தான் உள்ளூர் அளவில் 1:3,960 வரைபடமும் வேண்டும் என்று அறிவிக்கை கேட்கிறது. அதில் 1 மில்லிமீட்டர் ஏறத்தாழ 4 மீட்டர். அங்கே வீடு தெரியும், வலை காயப்போடும் இடம் தெரியும், படகு ஏற்றும் இடம் தெரியும். 2023இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் வரைவு வரைபடங்கள் மீது கருத்துக் கேட்டபோது மீனவர் அமைப்புகள் சொன்ன முக்கியமான குறையே, தங்கள் ஊர்களும் பொது இடங்களும் அதில் சரியாகக் குறிக்கப்படவில்லை என்பதுதான். புதிய வரைபடங்கள் ஒப்புதல் பெறும்வரை 2011இன் விதிகளே செல்லும் என்று 2019 அறிவிக்கையே சொல்கிறது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில்தான் அத்தாவின் கம்பி துருப்பிடிக்கிறது.

*

இவ்வளவு சொன்னதால் 'சட்டத்தைத் தூக்கி எறி' என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்ல இந்தக் கரைக்குத் தகுதி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளை நம்பித்தான் கடற்பசு உயிர்வாழ்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடி என்ன ஆனது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்கு இடம் விடத்தான் வேண்டும்.

மீனவர்களும் இந்தச் சட்டத்தின் எதிரிகள் இல்லை. 2008இல் இதற்குப் பதிலாக வேறொரு மேலாண்மை அறிவிக்கையைக் கொண்டுவர மத்திய அரசு முயன்றபோது, நாடு முழுக்க மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. 2009இல் அந்த வரைவு காலாவதியானது. கோடு இல்லாவிட்டால் முதலில் காணாமல்போவது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, கோடு வேண்டும். அது யாரிடம் கண்டிப்பு, யாரிடம் நெகிழ்ச்சி என்பதுதான் கேள்வி. திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் எழும்பத் தொடங்கியது. கடல்நீரை எடுக்கவும் விடவும் கடலுக்குள்ளேயே கட்டுமானம். மின்நிலையத்தின் குழாய்க்கும் வாய்க்காலுக்கும் அறிவிக்கையில் இடம் உண்டு. பக்கத்து மீனவ ஊர்கள் எதிர்த்தன, வழக்கு போனது, 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பணிகளை நிறுத்தச் சொன்னது. அதுவரை அந்தக் கட்டுமானம் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதே கரையில் மாடியில் பத்துக்குப் பத்து அறை கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை. கேரளத்தில் மரடு அடுக்குமாடிகளை 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். சட்டத்துக்குப் பல் இருக்கிறது என்று கைதட்டினோம். ஆனால் அந்தக் கட்டடங்கள் முதலில் எழும்பி, ஆட்கள் குடியேறி, அதற்குப் பிறகுதான் இடிந்தன. சின்ன வீட்டுக்காரர் எழுப்பிவிட்டுப் பார்க்கலாம் என்று துணிய முடியாது. துணிந்தாலும் ஒரு நோட்டீஸ் போதும், தூக்கம் போய்விடும்.

சுனாமிக்குப் பிறகும் இதே கதைதான். பாக் விரிகுடாவுக்கு இலங்கை மறைப்பாக நின்றதால் இந்தக் கரை பெரும்பாலும் தப்பியது. ஆனால் 2005 மார்ச் மாத அரசாணை எல்லாக் கடற்கரைக்கும் பொருந்தியது. சேதமான வீடு 200 மீட்டருக்குள் இருந்தால், வெளியே போகிறவருக்கு 1.50 லட்சம் ரூபாய் மதிப்பில் புதுவீடு இலவசம். போக மாட்டேன் என்பவர் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. 'கட்டாயப்படுத்தவில்லையே, தேர்வு கொடுத்தோமே' என்று சொல்லலாம்தான். கையில் காசில்லாதவருக்குக் கொடுக்கிற தேர்வு என்ன தேர்வு?

*

எந்தப் பிரதியிலும் அதை எழுதியவரே மறந்துபோன நல்ல வாக்கியம் ஒன்று இருக்கும். விமர்சனத்தின் வேலைகளில் ஒன்று அதை எடுத்துக் காட்டுவது. 2011 அறிவிக்கையின் இணைப்பில், வரைபடம் தயாரிக்கும் விதிமுறைகளுக்கு நடுவே அது கிடக்கிறது. மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொதுச் சொத்துகளையும் உள்ளூர் வரைபடத்தில் குறிக்க வேண்டும். குடும்பங்கள் பெருகுவதைக் கணக்கில் கொண்டு அவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் தயாரிக்க வேண்டும். நான் மேலே அழுது புலம்பிய எல்லாவற்றுக்கும் பதில் அந்த வரியில் இருக்கிறது. வீடு வளரும் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. குடி என்ற சொல் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பொருள் தெரிந்திருக்கிறது.

தடை சொல்லும் வரிகளைச் செயல்படுத்தக் கோப்பும் ஆளும் உண்டு. இந்த வரியைச் செயல்படுத்தாவிட்டால் யாருக்கும் நோட்டீஸ் போகாது. தமிழில் கம்பி நீட்டுவது என்றால் நைசாக நழுவுவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அந்த மாடியில் கம்பி நீட்டியவர் அத்தா மட்டும் இல்லை.

அடுத்த முறை உங்கள் ஊரில் கடற்கரை மண்டல வரைபடம் மீது கருத்துக்கேட்பு என்று செய்தி வந்தால், போய்ப் பாருங்கள். இலக்கியக் கூட்டத்துக்குப் போகிற நமக்கு அது புதிய இடம் ஒன்றுமில்லை; ஒரு பிரதியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிற இடம்தான். 1:3,960 வரைபடம் எங்கே என்று கேளுங்கள். வீட்டுத்தேவைத் திட்டம் எங்கே என்று கேளுங்கள். அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அத்தாவுக்கு அந்த வரியைத் தமிழாக்கி வாட்ஸாப்பில் அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்துக் குரல்பதிவு வந்தது. "நல்லாத்தான் எழுதியிருக்காக தம்பி. இத யாருகிட்ட குடுக்கணும்னு மட்டும் கேட்டுச் சொல்லு." பின்னணியில் பேரப்பிள்ளை அழும் சத்தம் கேட்டது.